அருவி இலவசம், வழிக்குத்தான் காசு

போன சாரல் சீசன்ல குற்றாலம் போயிருந்தேன். அருவியில குளிக்கக் காசில்லை, வண்டி நிறுத்தக் காசு. நம்ம ஊர் டிவி பிசினஸும் கிட்டத்தட்ட இப்படித்தான். நிகழ்ச்சியை யார் எடுக்கறாங்கங்கிறதைவிட, அது வீட்டுக்கு வர்ற வழி யார் கையில இருக்குங்கிறதுதான் பெரிய விஷயம்.

1993ல சன் டிவி வந்தது. அதே குழுமத்தோட சுமங்கலி கேபிள் விஷன், சென்னை மாதிரி நகரங்கள்ல கேபிள் விநியோகத்தையும் பிடிச்சது. 2007ல கருணாநிதி, மாறன் குடும்பங்களுக்குள்ள விரிசல். அதே வருஷம் கலைஞர் டிவி வந்தது, அரசு கேபிள் டிவி நிறுவனமும் வந்தது. 2008 டிசம்பர்ல குடும்பம் ஒண்ணு சேர்ந்தது. அரசு கேபிள் முடங்கிப்போச்சு. 2011ல ஜெயலலிதா அதைத் தூசி தட்டி, மாசம் 70 ரூபாய்க்குக் கொடுத்தாங்க.

தென்காசி அப்போ நெல்லை மாவட்டம். நெல்லையிலயும் அரசு கேபிளுக்குக் கட்டுப்பாட்டு அறை இருந்தது. ஜனங்களுக்குச் செலவு குறைஞ்சது, நிஜம். ஆனா எந்த சேனல் தெரியணும்ங்கிற சுவிட்ச், ஒரு குடும்பத்துகிட்ட இருந்து ஆளுங்கட்சி கைக்கு மாறுச்சு, அவ்வளவுதான்.

இப்போ அந்த சுவிட்ச் ஆப்புக்குள்ள இருக்கு. இந்த எபிசோட் உங்க கண்ணுல படணுமான்னு முடிவு பண்றது, என்னை மாதிரி ஒரு இன்ஜினியர் எழுதின கோடு. அரசு தப்பு பண்ணா, அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை ஓட்டுப் போட்டுக் கேட்கலாம். ஆப்பை யார்கிட்ட போய்க் கேட்கறது?