17 வயசுப் பையன் போட்ட பத்திரிகை!
கதாநாயகி அலை எழுப்பவில்லை. "கொள்ளைக்காரன்" வந்து தூக்கி நிறுத்தினான்

பல்லடம் பஸ் நிலையத்தில் கோவை பஸ்சுக்கு நிற்கும் ஐம்பது வயதுக்காரர்களிடம் "இரும்புக்கை மாயாவி" என்று சொல்லிப் பாருங்கள். விசைத்தறிக்காரர் ஆனாலும் சரி, கறிக்கோழி வியாபாரி ஆனாலும் சரி, பாதிப்பேர் முகம் மலரும். கணக்குப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படித்த பழைய ஞாபகம்!

மாயாவியைத் தமிழுக்குக் கொண்டு வந்த ஊர் சிவகாசி. 1972-ல் சவுந்திரபாண்டியன் "முத்து காமிக்ஸ்" ஆரம்பித்தார். முல்லை தங்கராசன் அதன் ஆசிரியராக இருந்தார். 12 ஆண்டு கழித்து, 1984 ஜூலையில், சவுந்திரபாண்டியனின் மகன் எஸ்.விஜயன் "லயன் காமிக்ஸ்" என்று இன்னொன்றைத் தொடங்கினார்.

அப்போது விஜயனுக்கு வயது 17. ஓட்டுப் போடக்கூட முடியாது. அந்த நாளில் அதற்கு 21 ஆகணும். 18 ஆகக் குறைத்தது 1989-ல்தான்.

படிக்கிறவனுக்கும் பதினேழு, போடுகிறவனுக்கும் பதினேழு. இளவட்டங்களுக்கு என்ன பிடிக்கும் என்று மற்ற ஆசிரியர்கள் ஊரெல்லாம் விசாரிக்கணும். இவர் தன்னையே கேட்டுக் கொண்டால் போதாதா? போதவில்லை என்பதுதான் விசேஷம்.

மாலைப் பத்திரிகை அழகி

முதல் இதழ் "கத்தி முனையில் மாடஸ்டி". இந்த மாடஸ்டி பிறந்தது 1963-ல், லண்டன் "ஈவினிங் ஸ்டாண்டர்ட்" என்ற மாலைப் பத்திரிகையில். எழுதியவர் பீட்டர் ஓடோனல், படம் போட்டவர் ஜிம் ஹோல்டவே. (மாலைப் பேப்பரில் கொலை, கொள்ளை தவிர என்ன இருக்கு என்று கேட்பவர்கள் கவனிக்கவும்.)

அது தினம் ஒரு பட்டையாக, இரண்டு மூன்று கட்டங்களோடு வந்த படக்கதை. புத்தகமாக்க வேண்டுமானால் பட்டைகளை வரிசை கெடாமல் பக்கம் பக்கமாக அடுக்கணும். அதைவிடப் பெரிய தலைவலி, பேச்சுக் குமிழ்! இங்கிலீஷ் வசனத்துக்கு அளவெடுத்துப் போட்ட குமிழுக்குள் தமிழ் அடங்குவதில்லை. நம் எழுத்துக்கு அகலம் ஜாஸ்தி. எழுத்தைச் சிறிதாக்கினால் கண் வலிக்கும். குமிழைப் பெரிதாக்கினால் கதாநாயகன் தலை மறையும். வசனத்தை வெட்டுவது ஒன்றே வழி. ஆனால் யார் ஓடுகிறான், எதற்கு ஓடுகிறான் என்பது வெட்டிய பிறகும் புரியணும். படக்கதைப் பத்திரிகையில் பாதி வேலை இந்தக் கத்தரிக்கோல் வேலைதான்.

இத்தனையும் செய்தும் மாடஸ்டி பெரிய அலை எதையும் எழுப்பவில்லை.

திருடனுக்குக் கைதட்டல்

அதே 1984-ல் "எத்தனுக்கு எத்தன்" வந்தது. கதாநாயகன் ஸ்பைடர். இவன் 1965-ல் இங்கிலாந்தில் ஒரு வாரப் பத்திரிகையில் தோன்றியவன். அந்தப் பத்திரிகையின் பெயரும் "லயன்"தான்! சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் பிற்பாடு இவன் கதைகளை எழுதினார். ஆசாமி யோக்கியன் அல்ல. குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தி ஆகணும் என்று கிளம்பியவன்.

திருடனைப் போய்க் கதாநாயகனாக்குவதா என்று பெரியவர்கள் கேட்கலாம். பையன்கள் கேட்கவில்லை. லயன் நிமிர்ந்தது. அடுத்த ஆண்டு இத்தாலிக் குதிரை வீரன் டெக்ஸ் வில்லரும் சேர்ந்து கொண்டான். அதற்காக விஜயன் மாடஸ்டியை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. அவள் கதைகளும் நடுநடுவே வந்துகொண்டுதான் இருந்தன. வாசகனுக்குப் பிடித்தது நாலு, தனக்குப் பிடித்தது ஒன்று என்று கலந்து பரிமாறத் தெரிந்ததே அந்த வயதில் பெரிய சாமர்த்தியம்.

பிறகு வீட்டுக்கு வீடு டி.வி. வந்தது. 2000-க்குப் பிறகு இதழ் எப்போது வரும் என்று வாசகர்கள் காத்துக் கிடந்தார்கள். "இத்தோடு சரி" என்று பலர் முடிவே கட்டிவிட்டபோது, 2012 ஜனவரியில் "கம்பேக் ஸ்பெஷல்" வெளியானது. விலை 100 ரூபாய். பின்னர் வழவழ தாளில் வண்ணப் பக்கங்களும் வழக்கமாயின.

இன்று சந்தா கட்டுகிறவர்களில் பலர் அன்றைய பையன்களே. ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவில் கூடும்போது பார்த்தால் தெரியும், நரைத்த தலைகள்! இன்றைய பதினேழு வயசுக்காரனின் கையில் செல்போன் இருக்கிறது. அவனை இழுக்கும் ஸ்பைடர் யார் என்பது சிவகாசிக்கும் பெரிய கேள்வி.

பல்லடத்திலும் பத்திரிகை போடலாம் என்று இளைஞர்கள் யாராவது நினைத்தால் ஒரு தகவல். 1867-ம் வருஷத்துப் பழைய சட்டம் போய்விட்டது. 2023-ல் நிறைவேறிய புதிய சட்டம் 2024 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது. முன்போல மாஜிஸ்திரேட் முன் போய் உறுதிமொழி கொடுக்க வேண்டியதில்லை. "பிரஸ் சேவா" இணையதளத்திலேயே விண்ணப்பம் போடலாம். ஆனால் இன்னொருவர் பதிவு செய்திருக்கும் பெயர் கிடைக்காது. நாலைந்து பெயராக யோசித்துக்கொண்டு உட்காரணும்.