மாடியில் இன்னொரு போர்ஷன்: கொத்தனாரிடம் பேசும் முன் இதைப் படியுங்கள்

மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அல்லது ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால், மாதம் கொஞ்சம் வாடகை வந்தால் வீட்டுக் கடனுக்கு உதவும். "மேல ஒரு போர்ஷன் எடுத்துடலாமா?" என்ற பேச்சு நம் வீடுகளில் இப்படித்தான் தொடங்குகிறது.

சொந்த இடம்தானே, எதற்கு அனுமதி என்று தோன்றலாம். தரைத்தளத்துக்கு வாங்கிய அனுமதி தரைத்தளத்துக்கு மட்டும்தான். அனுமதி இல்லாத மாடிக்கு நோட்டீஸ் வரலாம். நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி பூட்டி சீல் வைக்கவும் முடியும். வங்கிக் கடன் கேட்கும்போதும், வீட்டை விற்கும்போதும் முதலில் கேட்பது அனுமதி பெற்ற வரைபடத்தைத்தான்.

எவ்வளவு கட்டலாம்?

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் நடைமுறைக்கு வந்தன. உயர்மாடி அல்லாத கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்.எஸ்.ஐ., பொதுவாக 2. அப்படின்னா? மனையின் பரப்பைப் போல இரண்டு மடங்கு வரை எல்லாத் தளங்களையும் சேர்த்துக் கட்டலாம். 1,200 சதுர அடி மனை என்றால் 2,400 சதுர அடி. ஆனால் சுற்றிலும் விட வேண்டிய காலியிடம், உயரம், வண்டி நிறுத்தும் இடம், மழைநீர் சேகரிப்பு ஆகிய விதிகளுக்கு உட்பட்டுத்தான்.

சுயசான்று என்றால் என்ன?

சிறிய வீடுகளுக்கான சுயசான்று முறை 2024 ஜூலை 22 அன்று தொடங்கப்பட்டது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமுமாக 3,500 சதுர அடி வரை வீடு கட்டுபவர்களுக்கு இது. ஒரு கிரவுண்டு மனையும் (2,400 சதுர அடி) இதற்குள் வந்துவிடும். பத்திரம், பட்டா, வரைபடம் ஆகியவற்றை ஒற்றைச் சாளர இணையதளத்தில் பதிவேற்றி, கட்டணம் செலுத்தினால் அனுமதி உடனே கிடைக்கும். பரிசீலனைக் கட்டணமும் பணி முடிவுச் சான்றும் தேவையில்லை.

ஏற்கெனவே உள்ள வீட்டின் மேல் மாடி எடுப்பவர்கள், எந்த வகையில் விண்ணப்பிப்பது என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பழைய அனுமதி வரைபடத்தைக் கையோடு கொண்டு போங்கள். பழைய அஸ்திவாரமும் தூண்களும் மாடியின் எடையைத் தாங்குமா என்பதைப் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

யார் பொறுப்பு?

சுயசான்றில் கையெழுத்துப் போடுவது நீங்கள். தந்த விவரம் தவறு என்று தெரிந்தால் அனுமதி செல்லாது. "ஒரு அடி தள்ளிப் போட்டா யாருக்குங்க தெரியப்போகுது?" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஒரு அடியில்தான் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு வெளிச்சமும் காற்றும் போகிறது.

கட்டி முடித்த பிறகு

மாடி வந்ததும் சொத்து வரி மாறும், உள்ளாட்சியில் தெரிவித்துவிடுங்கள். மாடிக்குத் தனி மின் இணைப்பு வேண்டுமென்றால் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வாடகைக்கு விடுவதாக இருந்தால் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கட்டாயம். அதை 90 நாட்களுக்குள் வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வாடகைப் பாக்கி, முன்பணம் என்று பின்னால் பிரச்சினை வந்தால் வீட்டுக்காரர், குடியிருப்பவர் இருவருக்கும் அந்தப் பதிவுதான் துணை.

முதலில் பீரோவைத் திறந்து பத்திரம், பட்டா, பழைய வரைபடம் மூன்றும் இருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கொத்தனாரை அப்புறம் கூப்பிடலாம்.