ஆயாவுக்கு என்ன சம்பளம்?

புடவைக் கடையில் பேரம் பேசக் கூசும் குடும்பங்கள்கூட, குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரும் அம்மாளிடம் சம்பளம் பேசும்போது அபார சாமர்த்தியத்தைக் காட்டிவிடுகின்றன. "குழந்தை பாதி நேரம் தூங்கிவிடும், மற்ற நேரம் சும்மா கூட உட்கார்ந்திருந்தால் போதும். வேலை என்று பெரிதாக ஒன்றுமில்லை" என்று பேச்சுத் தொடங்குகிறது. ஒன்றுமில்லாத வேலைக்கு ஆள் எதற்கு என்று அந்த அம்மாள் திருப்பிக் கேட்பதில்லை. கேட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

இந்தச் "சும்மா"வைத்தான் நாம் சற்று ஆராய வேண்டியிருக்கிறது. நடை பழகும் குழந்தை உள்ள வீட்டில் சும்மா உட்கார்ந்தவர் எவரும் இல்லை. வாசற்கதவு தாழிட்டிருக்கிறதா, குளியலறை வாளியில் தண்ணீர் நிற்கிறதா, சட்டையிலிருந்து அறுந்து விழுந்த பொத்தான் எங்கே போயிற்று என்று மனம் ஓயாமல் அலைந்துகொண்டே இருக்கும். குழந்தை தூங்கும் நேரமும் அவளுக்குச் சொந்தமான நேரம் அன்று. தெருமுனை வரை போய்வர முடியாது. காய்ச்சலாய்க் கிடக்கும் தன் குழந்தையைப் பார்த்துவர முடியாது. தேய்த்த பாத்திரத்தையும் துவைத்த துணியையும் எண்ணிவிடலாம். ஓர் ஆபத்தும் நேராமல் கழிந்த பகலை எதைக் கொண்டு எண்ணுவது? ஆகவே, இந்த வேலையை மணிக்கணக்கால் அளப்பதே நியாயம் என்பது நமது அபிப்பிராயம்.

அப்படி அளப்பதற்கு ஆதாரமும் உண்டு. வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியை 2018-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டு அரசாங்கம் நிர்ணயித்தபோது, மணிக்கு ரூ. 37 என்று ஆரம்பக் கணக்கு வகுத்தது. காலை எட்டு மணிக்கு வந்து, ஆபீஸ் சென்ற தாய் தந்தையர் போக்குவரத்து நெரிசலில் நீந்தி வீடு திரும்பும் ஆறரை மணி வரை இருக்கும் ஆயாவை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்குப் பத்தரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை நீங்கலாக மாதம் 26 நாள். பெருக்கிப் பார்த்தால் ரூ. 10,101 வருகிறது. அதுவும் 2018-ஆம் வருஷத்துக் கணக்கு! அதற்குப் பிறகு அரிசியும் பருப்பும் வீட்டு வாடகையும் இருந்த இடத்தில் இருக்கவில்லை. தவிர, இந்தத் தொகைக்குக் கீழே இறங்கலாகாது என்று போட்ட எல்லையே அது. இவ்வளவே போதும் என்ற தீர்ப்பு அன்று. குழந்தை இரண்டாயிருந்தாலும், கைக்குழந்தையாயிருந்தாலும், இரவு தங்க நேர்ந்தாலும் தொகை மேலே போகவேண்டியதுதான்.

"பணமாகக் கொடுப்பது குறைவாயிருக்கலாம். ஆனால் காப்பி கொடுக்கிறோம், சாப்பாடு போடுகிறோம், பழைய புடவை கொடுக்கிறோம். எங்கள் வீட்டு மனுஷி மாதிரியல்லவா வைத்துக்கொண்டிருக்கிறோம்?" என்று சிலர் சொல்லக்கூடும். பழைய புடவையை வாடகை கேட்கும் வீட்டுக்காரரிடம் நீட்ட முடியாது என்பது ஒரு புறமிருக்க, இந்த "வீட்டு மனுஷி" என்ற வார்த்தைக்கு ஒரு பழைய சரித்திரம் இருக்கிறது. ஆயா என்ற சொல்லே போர்த்துக்கீசியர் வழியாக இந்நாட்டுக்கு வந்தது. வெள்ளைக்காரர் ஆட்சியில், சீமைக்குக் கப்பலேறிய துரைமார் குடும்பங்கள் கடற்பிரயாணத்தில் குழந்தைகளைக் கவனித்துக்கொள்ள இந்திய ஆயாக்களை உடன் அழைத்துச் சென்றன. வழி முழுவதும் குழந்தைக்கு அவளே தாய். லண்டன் போய்ச் சேர்ந்ததும், திரும்பி வரும் கப்பல் கூலிகூட இல்லாமல் கைவிடப்பட்ட ஆயாக்கள் பலர். அவர்கள் ஒதுங்குவதற்கென்றே லண்டனில் ஒரு விடுதி இருந்தது. 1900-ஆம் வருஷத்தில் அவ்விடுதி ஹாக்னி பகுதிக்கு மாறியது. அவ்வீட்டின் சுவரில் 2022-ஆம் வருஷத்தில் ஒரு நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள். வாயால் சொன்ன பிரியம் வேறு, பேசி முடித்த கூலி வேறு என்பதற்கு அந்தச் சுவர் சாட்சி. துரைமார் செய்ததைக் கண்டித்துப் பேசும் நாம், நமது கூடத்தில் என்ன செய்கிறோம் என்பதையும் பார்த்துக்கொள்வது நலம்.

இனி, கொடுக்கிறவர்களின் கஷ்டத்துக்கு வருவோம். அதுவும் மெய்யானதே. மாதம் இருபத்தையாயிரம் சம்பாதிக்கும் ஒரு பெண், பதினோராயிரத்தை ஆயாவிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவானேன் என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியில் ஒரு வேடிக்கை இருப்பதை நேயர்கள் கவனித்திருக்கலாம். ஆயாவின் சம்பளத்தைத் தாயின் சம்பளத்திலிருந்துதான் கழிக்கிறார்கள். தகப்பனார் சம்பளத்திலிருந்து கழிப்பதாக எந்த வீட்டிலும் கேள்விப்பட்டதில்லை. குழந்தை இருவருக்கும் பிறந்ததுதானே? இரண்டு வருமானத்தையும் சேர்த்து வைத்துக் கணக்குப் பார்த்தால், அதே தொகை அவ்வளவு பயங்கரமாகத் தோன்றாது.

அப்படியும் கட்டுபடியாகாத குடும்பங்கள் உண்டு. அவர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தக் குறையை ஆயாவின் வயிற்றில் கட்டுவதும் தகாது. அடுத்தடுத்த வீட்டார் இருவர் சேர்ந்து ஓர் ஆயாவை அமர்த்திக்கொண்டு, ஒருவர் கொடுப்பதைவிட அதிகமாகக் கொடுக்கலாம். 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஸ்தாபனங்களில் குழந்தைக் காப்பகம் இருக்கவேண்டும் என்று 2017-ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தம் விதித்தது. தங்கள் ஆபீஸில் அது எங்கே என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கூடாது. சம்பளம் மிச்சம் என்று ஊரிலிருந்து ஒரு சிறுமியை அழைத்து வந்து, குழந்தை கையில் குழந்தையைக் கொடுப்பது. பதினாலு வயதுக்கு உட்பட்டவர்களை வீட்டு வேலைக்கு அமர்த்துவது 2006-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்திலேயே தடைசெய்யப்பட்டுவிட்டது.

சம்பளம் பேசும் தினத்தில், தொகையைச் சொல்வதற்கு முன்னால் அந்த அம்மாளிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: "நீ இங்கே இருக்கும்போது உன் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" பக்கத்து வீட்டுக் கிழவிக்கு மாதம் இவ்வளவு கொடுத்து விட்டுவிட்டு வருகிறேன் என்று அவள் சொன்னால், அந்தச் செலவும் நம் குழந்தைக்காக நேர்ந்த செலவே. அதையும் கூட்டிக்கொண்டு தொகையை முடிவு செய்யவேண்டும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, நாம் ஊருக்குப் போகும் நாட்களுக்குப் பிடித்தம் இல்லை, தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம், ஆறரைக்குமேல் ஆகும் ஒவ்வொரு மணிக்கும் தனிக் கூலி ஆகியவற்றை அன்றைக்கே பேசி, ஒரு காகிதத்தில் எழுதி, அவளிடம் ஒரு பிரதி கொடுத்துவிடலாம். ஏழரை மணிக்கு நெரிசலில் மாட்டிக்கொண்டு செல்போனில் "இன்னும் ஐந்தே நிமிஷம்" என்று சொல்லும்போது, அந்தக் காகிதம் அவளிடம் இருப்பது நல்லது.