ஒரு லட்சம் யென் கடிகாரம் சிவகாசி வந்து சேரும் விலை

பட்டாசு விலைப்பட்டியல் படித்துப் பழகிய ஊர் சிவகாசி. அச்சிட்ட விலை 1,000 ரூபாய், தள்ளுபடி 80 சதவீதம், நெட் ரேட் 200 என்றால், விலை 200தான் என்று இங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். கையை விட்டுப் போகும் தொகைதான் விலை. ஜப்பானிய வாட்ச் என்று வந்தவுடன் மட்டும் இந்தத் தெளிவு காணாமல் போகிறது. டோக்கியோ கடை விலையை இந்திய விலையோடு ஒப்பிட்டு, “அங்கே வாங்கி இங்கே விற்றால் லாபம்” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தீபாவளி போனஸை இப்படி ஒரு வாட்சில் போட நினைக்கும் விருதுநகர், சிவகாசி, சாத்தூர் இளைஞர்களுக்காக இந்தக் கணக்கு.

சீக்கோ, சிட்டிசன், கேசியோ, ஓரியன்ட் ஆகிய நிறுவனங்கள் தங்கள் நாட்டுச் சந்தைக்கென்று தனி மாடல்கள் வெளியிடுவது உண்டு. சில சமயம் வாட்ச் ஒன்றுதான், எண் மட்டும் வேறு. 2020இல் வந்த சீக்கோ டைவர் வாட்ச் ஜப்பானில் எஸ்பிடிசி101. அதுவே வெளிநாடுகளில் எஸ்பிபி143. ஆகவே இரண்டு விலையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கலாம். ஆனால் ஒப்பிட வேண்டியது அங்கே ஒட்டிய விலையை அல்ல, இங்கே வந்து இறங்கிய விலையை.

முதல் கணக்கு: கூரியரில் வந்தால்

வரிக்கு முந்தைய விலை 1,00,000 யென் என்று வைத்துக்கொள்வோம். ஒரு யென்னுக்கு 58 காசு. அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்த்து 2,000 ரூபாய். வங்கி அட்டையின் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. விலையும் மாற்று விகிதமும் கட்டணங்களும் நாம் வைத்துக்கொண்டவை. வரி விகிதங்கள் கைக்கடிகாரத்தை வணிகச் சரக்காக இறக்கும்போது விழுபவை: அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதம், அந்த வரித்தொகையின் மேல் சமூக நல மேல்வரி 10 சதவீதம், கூட்டுத்தொகையின் மேல் ஐஜிஎஸ்டி 18 சதவீதம்.

- வாட்ச் விலை: ரூ. 58,000
- அனுப்பும் செலவு, காப்பீடு: ரூ. 2,000
- சுங்க மதிப்பு: ரூ. 60,000
- அடிப்படைச் சுங்க வரி: ரூ. 12,000
- சமூக நல மேல்வரி: ரூ. 1,200
- ஐஜிஎஸ்டி (73,200 ரூபாய்க்கு): ரூ. 13,176
- வங்கிக் கட்டணம்: ரூ. 2,395
- வந்து சேரும் விலை: ரூ. 88,771

வரி மட்டும் 26,376 ரூபாய். சுங்க மதிப்பில் இது 43.96 சதவீதம். இந்தச் சுமை இரண்டு கட்டங்களில் அமைந்தது. 2017 நவம்பர் 15 முதல் கைக்கடிகாரத்துக்கான ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதே பட்டியலில்தான் பட்டாசும் இறங்கியது. அடுத்த சில மாதங்களில், 2018 பட்ஜெட்டில், கடிகாரத்தின் சுங்க வரி 10இலிருந்து 20 சதவீதமாக ஏறியது. உள்நாட்டு வரியில் குறைந்தது எல்லையில் திரும்பி வந்துவிட்டது.

இந்தியாவும் ஜப்பானும் செய்துகொண்ட பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் 2011 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் இருக்கிறதே என்று கேட்கலாம். அதன்படி சலுகை கேட்பவர், சரக்கு ஜப்பானில் உருவானது என்பதற்கான மூலச் சான்றிதழைக் காட்ட வேண்டும். கடைக்காரர் ஒற்றை வாட்சாகப் பொட்டலம் கட்டி அனுப்பும்போது அந்தச் சான்றிதழ் கூட வராது.

இரண்டாம் கணக்கு: பயணி கையில் வந்தால்

ஜப்பானில் 2019 அக்டோபர் 1 முதல் நுகர்வு வரி 10 சதவீதம். கடையில் 1,10,000 யென் என்று ஒட்டியிருக்கும் வாட்சின் வரியற்ற விலைதான் 1,00,000 யென். சுற்றுலாவாக வரும் வெளிநாட்டவருக்கு இந்த வரியில் விலக்கு உண்டு. அங்கேயே தங்கி வேலை பார்க்கும் உறவினருக்குக் கிடையாது.

- சுற்றுலாப் பயணி வாங்கினால்: ரூ. 58,000
- ஜப்பானில் வசிப்பவர் வாங்கினால்: ரூ. 63,800

2016ஆம் ஆண்டின் பயணப்பொதி விதிகள் 50,000 ரூபாய் வரையிலான பொருளுக்கு விலக்கு அளித்தன. மீதிக்கு மேல்வரி உட்பட 38.5 சதவீதம். அந்தக் கணக்கில் 58,000 ரூபாய் வாட்சுக்கு வரி 3,080 ரூபாய். 2026 பிப்ரவரியில் வந்த புதிய விதிகள் விலக்கை 75,000 ரூபாயாக உயர்த்தின. பெட்டியில் உள்ள மற்ற பொருள்களும் சேர்ந்து அந்த வரம்புக்குள் அடங்கினால் இப்போது வாட்சுக்கு வரி இல்லை.

கூரியர் வழிக்கும் சுற்றுலாப் பயணியின் வழிக்கும் 30,771 ரூபாய் வித்தியாசம். இதைத்தான் லாபம் என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் அந்த விலக்கு பயணியின் சொந்த உபயோகத்துக்கானது. விற்பதற்கென்று கொண்டுவந்தால் அது வணிகச் சரக்கு; வணிகச் சரக்குக்கு முதல் கணக்குதான். மலிவான வழியில் விற்கும் உரிமை இல்லை, விற்கும் உரிமையுள்ள வழியில் மலிவு இல்லை. இந்த வியாபாரத்தின் மொத்தக் கணக்கும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது.

பழைய வாட்ச்

ஜப்பானில் பழைய பொருள் வியாபாரம் ஒழுங்கானது. 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி பழம்பொருள் வியாபாரி உரிமம் பெற்றாக வேண்டும். கடைகள் வாட்சின் நிலையைத் தரம் பிரித்து எழுதி வைக்கின்றன. அதனால் அங்கே பழைய வாட்சை நம்பி வாங்கலாம். இந்தியாவுக்குள் கொண்டுவருவதுதான் சிக்கல். மூலதனப் பொருள் அல்லாத பழைய பொருள்களின் இறக்குமதியை நம் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் வைத்திருக்கிறது. அனுமதி வாங்க வேண்டும். அனுமதி இல்லாத பொட்டலத்தைச் சுங்கத்தில் நிறுத்தி வைக்கலாம்.

உள்ளூரில் கைமாறும் பழைய வாட்சுக்கு இந்தத் தொல்லை இல்லை. பதிவு பெற்ற பழம்பொருள் வியாபாரி, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள இடைவெளிக்கு மட்டும் ஜிஎஸ்டி கட்ட விதியில் வழி உண்டு. 50,000க்கு வாங்கி 60,000க்கு விற்றால் 10,000 ரூபாய்க்கு 18 சதவீதம், அதாவது 1,800 ரூபாய். முழு விலைக்கும் கட்டினால் 10,800 ஆகும்.

யென் ஏறினால், இறங்கினால்

2020இல் ஒரு யென் ஏறக்குறைய 70 காசு. 2024 ஜூலையில், டாலருக்கு 160 யென்னைத் தாண்டிய நாள்களில், அது 52 காசை ஒட்டி நின்றது. அதே 1,00,000 யென் முன்பு 70,000 ரூபாய், பின்பு 52,000 ரூபாய். வாட்சில் ஒரு திருகும் மாறாமலே 18,000 ரூபாய் வித்தியாசம். யென் மலிந்த நேரத்தில் வாங்கியவர் அதைத் தன் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து யென் ஏறிய பிறகு அடுத்த வாட்சையும் வாங்கினால் மாட்டிக்கொள்வார்.

இங்கே பயன்படாதவை

விலையில் ஒரு பகுதி நமக்குப் பயன்படாத வசதிக்குப் போகிறது. வானொலி அலையைப் பிடித்து நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும் வாட்சுகள் ஜப்பானில் அதிகம். அங்கே ஃபுகுஷிமாவிலிருந்து 40 கிலோஹெர்ட்ஸிலும், கியூஷூ தீவிலிருந்து 60 கிலோஹெர்ட்ஸிலும் நேர அலை வருகிறது. கேசியோவின் மல்டிபேண்ட் 6 பிடிப்பது ஆறு நிலையங்களை: ஜப்பானில் இரண்டு, சீனா, அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியில் ஒவ்வொன்று. இந்தியாவில் ஒன்றும் இல்லை. ஜப்பான் நிலையங்களின் எல்லை சுமார் 1,000 கிலோமீட்டர் என்று கேசியோ சொல்கிறது. விருதுநகரிலிருந்து கியூஷூ சுமார் 6,000 கிலோமீட்டர். இங்கே அது சாதாரண குவார்ட்ஸ் வாட்சாகத்தான் ஓடும்.

உத்தரவாத அட்டையையும் படித்துப் பார்க்க வேண்டும். ஜப்பானுக்கு மட்டும் என்று எழுதியிருந்தால், இங்கே பழுதுக்கு முழுச் செலவும் நம் தலையில். மறுவிற்பனையில் வாங்க வருபவர் முதலில் கேட்பதும் அந்த அட்டையைத்தான்.

விற்கும்போது

கூரியரில் வரி கட்டி வாங்கியவர் நட்டமில்லாமல் விற்க 88,771 ரூபாய் வர வேண்டும். அது ஜப்பானின் வரியற்ற விலையைவிட 53 சதவீதம் அதிகம். வாங்குபவரும் கைபேசியில் ஜப்பான் விலையைப் பார்த்துவிட்டுத்தான் பேச உட்காருவார். அவர் 60,000 கொடுத்தாலும் நட்டம் 28,771.

விற்பதை விட்டு அணிவதைக் கணக்கிட்டால் வாட்சின் உண்மையான செலவு தெரியும். ஐந்து ஆண்டு அணிந்து 40,000 ரூபாய்க்குக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம்.

- பயணி கையில் வந்தது: 18,000 ÷ 60 = மாதம் ரூ. 300
- கூரியரில் வந்தது: 48,771 ÷ 60 = மாதம் ரூ. 813

எல்லையில் பிறந்த ஊர்

உள்நாட்டு விலை எல்லையில்தான் தீர்மானமாகிறது என்பதை சிவகாசிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் தீப்பெட்டி வந்திறங்கிய காலத்தில், 1922இல், ஆங்கிலேய அரசு ஒரு குரோசுக்கு ஒன்றரை ரூபாய் இறக்குமதி வரி போட்டது. குரோசுக்கு 144 பெட்டி. பெட்டிக்கு 2 தம்பிடி வீதம் விழுந்தது, அணாவுக்கு 12 தம்பிடி என்ற அந்நாள் கணக்கில். அந்த ஆண்டுதான் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். நூறு ஆண்டு கழித்து, 2023 ஜூனில், 20 ரூபாய்க்குக் குறைந்த மதிப்பில் வரும் லைட்டர்களின் இறக்குமதியை மத்திய அரசு தடை செய்தது. அப்போதும் இந்த ஊர் மூச்சுவிட்டது எல்லையில் எழுதிய ஓர் எண்ணால். தீப்பெட்டியைக் காத்த அதே வேலிதான் வாட்சுக்கும் நிற்கிறது. வேலியை ஏற்றுக்கொண்டு தொழில் வளர்த்த நாம், வாட்ச் வாங்கும்போது அது இல்லாதது போலக் கணக்குப் போடக் கூடாது.

ஜப்பானியக் கைத்திறனை வேலிக்கு இந்தப் பக்கமே வாங்கவும் ஒரு வழி உண்டு. 1961இல் சிட்டிசனின் கூட்டுறவோடு பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கியது எச்எம்டி. ஜனதா போன்ற சாவி கொடுக்கும் வாட்சுகளின் இயந்திரம் சிட்டிசன் வழியில் வந்ததுதான். கோடிக்கணக்கில் விற்றவை என்பதால் பிரித்துப் பார்த்துப் பழகிய கைகள் நம் ஊர்களில் உண்டு. சுங்க வரி கிடையாது, செலாவணிக் கட்டணம் கிடையாது. மாற்றிய டயலா, உதிரி சேர்த்துக் கட்டியதா என்று தெரிந்தவரிடம் காட்டி வாங்கினால் போதும்.

ஜப்பானிய வாட்ச் நல்ல வாட்ச். ஆசைப்பட்டால் தாராளமாக வாங்கலாம். பல ஆண்டு அணிய வாங்கலாம். லாபத்துக்கு விற்கலாம் என்று போனஸ் பணத்தை, அதுவும் கடன் சேர்த்து, அதில் போட வேண்டாம். பணம் கட்டும் முன் ஒரு தாளில் ஐந்து எண்களை எழுதுங்கள்: யென் விலை, அன்றைய மாற்று விகிதம், அனுப்பும் செலவும் வங்கிக் கட்டணமும், அன்றைய வரி, நாளை உள்ளூரில் ஒருவர் உறுதியாகக் கொடுக்கும் விலை. முதல் நான்கும் சேர்ந்து வரும் தொகையைவிட ஐந்தாவது எண் குறைவாக இருந்தால், அந்த இடைவெளிதான் நீங்கள் வாட்சுக்குத் தரும் விலை. அந்தத் தொகையைச் செலவாக ஏற்க மனமிருந்தால் மட்டும் பணத்தைக் கட்டுங்கள்.