தன் நஞ்சு தன்னைத் தீண்டாமல்

கரிசல்காட்டில் புரட்டாசிக்கு மேல் முதல் மழை இறங்கியதும் கிளம்புகிற மண்வாசனைக்கு ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள் முக்கியக் காரணம். அதைச் சுரப்பவற்றில் முன்னணியில் இருப்பவை ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை பாக்டீரியாக்கள். பூஞ்சைபோல இழை இழையாக வளரும்; கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடித்தாலும் வித்துகளாகச் சுருண்டு உயிரைப் பிடித்துக்கொள்ளும்.

வாசனையோடு நின்றால் பரவாயில்லை, இவை நஞ்சும் காய்ச்சுகின்றன. 1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸில், வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் இருந்த ஆல்பர்ட் ஷாட்ஸ், ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரைசியஸிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். காசநோயை அடக்கிய முதல் ஆன்டிபயாட்டிக் அதுதான். பாக்டீரியாவின் ரைபோசோமில், அதாவது புரதம் செய்யும் இடத்தில், போய் ஒட்டிக்கொண்டு புரதங்களைத் தப்பும் தவறுமாகச் செய்ய வைத்துக் கொல்லும். வேடிக்கை என்னவென்றால், அதைத் தயாரிக்கும் கிரைசியஸின் ரைபோசோமும் இதே நஞ்சுக்கு மடங்கக்கூடியதுதான். பிறகு எப்படிப் பிழைக்கிறது?

நஞ்சை முழுசாக உள்ளே செய்வதே இல்லை. மூலக்கூறின் ஆறாம் இடத்தில் ஒரு பாஸ்பேட்டை மாட்டி, செயலற்றதாகவே வைத்திருக்கிறது. செல்லுக்கு வெளியே வந்த பிறகு வேறொரு நொதி அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றுகிறது. அப்போதுதான் அது நஞ்சு. கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்: குச்சித் தலையின் பொட்டாசியம் குளோரேட்டும் பெட்டி ஓரத்துச் சிவப்பு பாஸ்பரஸும் உரசும்வரை தனித்தனிதானே! வெளியே போனது தப்பித்தவறி உள்ளே திரும்பினாலும் மறுபடி பாஸ்பேட் மாட்டிவிட உள்ளே ஒரு நொதி தயார். அந்த நொதிக்கான ஜீன், நஞ்சு செய்யும் ஜீன்களுக்கு நடுவிலேயே இருக்கிறது.

எல்லாம் இதே வழியில் போவதில்லை. எரித்ரோமைசின் செய்யும் பாக்டீரியா தன் ரைபோசோமிலேயே சின்ன மாற்றம் செய்து, மருந்து ஒட்டும் இடத்தை மறைத்துவிடுகிறது. டெட்ராசைக்ளின் செய்பவை நஞ்சை வெளியே பம்ப் அடித்துத் தள்ளுகின்றன. புணே அருகே பிம்ப்ரியின் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸில் திருமலாச்சார் கண்டெடுத்த ஹாமைசின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தைச் செய்யும் பாக்டீரியாவுக்கோ அந்தக் கவலையே கிடையாது. அந்த மருந்து பிடிக்கும் எர்கோஸ்டெரால் பூஞ்சையின் சவ்வில் உண்டு, பாக்டீரியாவில் கிடையாது.

1973இல் பென்வனிஸ்டே, டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள், மருத்துவமனைக் கிருமிகள் மருந்தை முறியடிக்கும் நொதிகளுக்கும் மண் பாக்டீரியாவின் நொதிகளுக்கும் உள்ள ஒற்றுமையைப் பார்த்து, கிருமிகளின் தற்காப்பு மண்ணிலிருந்தே வந்திருக்கலாம் என்றார்கள். இத்தகைய ஜீன்கள் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும். குடல் கிருமிகள் பலவற்றில் ஸ்ட்ரெப்டோமைசினுக்குப் பாஸ்பேட் மாட்டும் நொதி இன்று சர்வசாதாரணம். காசநோய்க் கிருமி மட்டும் இப்படி இரவல் வாங்குவதில்லை; பிறழ்வால் அதன் ரைபோசோமே மாறிவிடுகிறது. ஒரே கிருமியில் பல மருந்துகளுக்கும் எதிரான பிறழ்வு ஒருசேர வருவது அரிது; அதனால்தான் காசநோய்க்கு ஒற்றை மருந்து கொடுக்காமல் மூன்று நான்கைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.