இடம் இருந்தும் நிரம்பிய வன்தட்டு

2002இல் நான் பணியாற்றிய உயர்நிலைப் பள்ளிக்கு ஒருவர் தம் பழைய கணினியை அன்பளிப்பாகக் கொடுத்தார். விண்டோஸ் 95, 2 ஜி.பி. வன்தட்டு. கணக்கு ஆசிரியர் என்பதால் அது என் பொறுப்பில் வந்து சேர்ந்தது. 400 மாணவர்கள், ஆண்டுக்கு 6 தேர்வுகள். ஒவ்வொரு மாணவருக்கும் ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு சிறு கோப்பு என்று மதிப்பெண்களைத் தட்டச்சு செய்து சேமித்தேன். கோப்பு ஒன்று 1 கே.பி. அளவுதான் இருக்கும்.

மூன்றாம் ஆண்டு முடிவில் வட்டு நிரம்பிவிட்டதாகச் செய்தி வந்தது. எழுத்துகளுக்கு இத்தனை இடமா என்று வியந்தேனே தவிர, காரணத்தைத் தேடவில்லை. முதலாம் ஆண்டுக் கோப்புகளை அழித்துவிட்டேன். அடுத்த ஜூனில் முன்னாள் மாணவர் ஒருவர் தம் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்களைக் கேட்டு வந்தார். காகிதப் பதிவேட்டைக் கரையான் தின்றிருந்தது. கோப்பை நான் தின்றிருந்தேன்.

வன்தட்டு 512 பைட் கொண்ட செக்டார்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இயங்குதளம் பல செக்டார்களைச் சேர்த்து ஒரு கிளஸ்டராகக் கையாளும். எந்தக் கிளஸ்டரில் எந்தக் கோப்பு உள்ளது என்பதைக் குறித்து வைக்கும் பதிவேடுதான் ஃபேட் எனப்படும் கோப்பு ஒதுக்கீட்டு அட்டவணை. ஃபேட் 16 முறையில் கிளஸ்டர் எண்ணை எழுத 16 பிட்டுகளே உண்டு. 2இன் அடுக்கு 16 என்றால் 65,536. அவற்றிலும் சில எண்கள் தனிப் பயனுக்கு ஒதுக்கப்பட்டவை.

பதிவேட்டில் வரிகளைக் கூட்ட முடியாது. ஆனால் வன்தட்டுகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. என்ன செய்வது? பெட்டியைப் பெரிதாக்கினார்கள். 2 கே.பி. கிளஸ்டர் என்றால் 128 எம்.பி. வரை ஆளலாம், 4 கே.பி. என்றால் 256, 8 கே.பி. என்றால் 512. 1 ஜி.பி.யைத் தாண்டினால் 32 கே.பி. 65,536ஐ 32ஆல் பெருக்கிக் கே.பி.யை ஜி.பி.யாக மாற்றுங்கள், சரியாக 2 வரும். டாஸ், விண்டோஸ் 95 ஆகியவற்றில் ஒரு பிரிவின் உச்சவரம்பு இதுவே. (அதற்கும் முன்பு, செக்டார் எண்ணிக்கையையே 16 பிட்டில் எழுதிய காலத்தில் வரம்பு 32 எம்.பி.தான். 1988இல் வந்த எம்.எஸ். டாஸ் 4.0 அதைத் தளர்த்தியது.)

ஒரு கிளஸ்டரில் இரு கோப்புகள் குடியிருக்க முடியாது. என் 1 கே.பி. கோப்பு ஒவ்வொன்றும் 32 கே.பி.யைப் பிடித்துக்கொண்டது. 7,200 கோப்புகள், உள்ளே இருந்த எழுத்துகள் சுமார் 7 எம்.பி., அடைத்துக்கொண்ட இடம் 225 எம்.பி. அதே வன்தட்டை 500 எம்.பி. அளவில் நான்காகப் பிரித்திருந்தால் கிளஸ்டர் 8 கே.பி. ஆகியிருக்கும், 57 எம்.பி.க்குள் முடிந்திருக்கும். தேர்வுக்கு ஒரே கோப்பு என்று வைத்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஒரு கோப்பில் வீணாவது அதன் கடைசிக் கிளஸ்டரின் மிச்சம் மட்டுமே.

இன்னொரு வரம்பிலும் முட்டிக்கொண்டேன். தொடக்கத்தில் எல்லாவற்றையும் நேராக 'சி' பிரிவின் முதல் தளத்திலேயே போட்டேன். ஐந்நூறை நெருங்கும்போது, வட்டில் இடம் ஏராளமாக இருந்தும், புதிய கோப்பை ஏற்க மறுத்தது. அங்கே 512 பதிவுகளுக்கு மேல் இடமில்லை. நீளமான பெயர் ஒவ்வொன்றும் ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகளை விழுங்கும். கோப்புறை ஒன்றை உருவாக்கி உள்ளே போட்டதும் சிக்கல் தீர்ந்தது.

1996இல் விண்டோஸ் 95இன் திருத்தப் பதிப்போடு வந்த ஃபேட் 32, கிளஸ்டர் எண்ணுக்கு 28 பிட்டுகளைக் கொடுத்தது. 8 ஜி.பி. வரையிலான பிரிவுக்கும் 4 கே.பி. கிளஸ்டர் போதுமானதாயிற்று. ஆனால் அதில் கோப்பின் அளவை எழுத 32 பிட்டுகளே இருப்பதால், ஒரு கோப்பு 4 ஜி.பி.யை எட்ட முடியாது.

இந்த வரம்பு இன்றும் நம் சட்டைப் பையில் இருக்கிறது. 32 ஜி.பி. பென் டிரைவ் காலியாக இருந்தும் 5 ஜி.பி. பாடக் காணொலி ஏறவில்லை என்று சென்ற மாதம் ஓர் ஆசிரியை, இருந்த பாடங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்த் தடுத்தேன். எத்தனை அழித்தாலும் ஏறாது. காணொலியை இரண்டாக வெட்டலாம். அல்லது உள்ளிருப்பதை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு, பென் டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யலாம். பழைய தொலைக்காட்சிகள் சில எக்ஸ்ஃபேட்டைப் படிப்பதில்லை. அவர் பள்ளித் தொலைக்காட்சி அந்த வகை, வெட்டித்தான் ஏற்றினோம்.

வகுப்பில் செய்துகாட்ட ஒரு பென் டிரைவ் போதும். ஒரே ஓர் எழுத்தைக் கொண்ட கோப்பை அதில் சேமித்து, வலது சொடுக்கில் அதன் பண்புகளைத் திறக்கச் சொல்லுங்கள். கோப்பின் அளவு, அது வட்டில் பிடித்த இடம் என இரு எண்கள் தெரியும். என் எட்டாம் வகுப்பில் இரண்டாவது எண்ணைப் பார்த்ததும் ஒரு சிறுவன் கேட்டான்: "சார், மீதி இடத்துக்கு யார் வாடகை கொடுக்கிறது?"