பூசிவிட்டால் தெரியாதாம்!

தோட்டத்தில் வேலை ஓய்ந்தால் வீடும் ஓய்ந்தது. லயத்துச் சாவியைக் கிராணியிடம் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டியதுதான். இதை நம் வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஆகவே தோட்டப்புறத்துக் குடும்பம் ஒன்று சொந்தமாக வீடு கட்டத் துணிந்தால், முப்பது வருட வியர்வை அதில் போய் உட்காருகிறது. அந்தச் சுவரில் ஒரு விரிசல் விழுந்தால் நம் வயிற்றில் விழுந்த மாதிரி இருக்கும்.

எங்கள் வீட்டிலும் விழுந்தது. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறோம். கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது. ஏனென்றால் நடந்த தவறுகளில் ஒன்று குத்தகைக்காரர் செய்தது. இன்னொன்று நாங்களே கேட்டு வாங்கிக்கொண்டது.

எங்கள் அம்மா பால்மரம் வெட்டியவர். அப்பா செம்பனைக் குலை அறுத்தவர். 2016-ல் அப்பாவின் சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. அம்மாவின் சீட்டுப் பணம், பிள்ளைகள் நாங்கள் போட்டது எல்லாம் சேர்த்து, தெலுக் இந்தானுக்குப் பக்கத்தில் முன்பே வாங்கிப் போட்டிருந்த துண்டு நிலத்தில் மூன்று அறை வீடு கட்டத் தொடங்கினோம். குத்தகைக்காரர் நம்மவர்தான். மாமாவுக்குப் பழக்கமானவர். அப்பாவை 'அண்ணே' என்றும் அம்மாவை 'அக்கா' என்றும் வாய் நிறையக் கூப்பிடுவார். அந்தப் பழக்கம்தான் பிறகு எங்கள் வாயைக் கட்டியது.

கீழ்ப்பேராக் பக்கத்து மண் எப்படிப்பட்டது என்பதற்கு ஊர் நடுவிலேயே சாட்சி நிற்கிறது. 1885-ல் கட்டிய தெலுக் இந்தான் கோபுரம் இன்றும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது. கீழே இளகிய களிமண், மேலே தண்ணீர்த் தொட்டியின் பாரம். சாயாமல் என்ன செய்யும்? அந்த மண்ணில் சாதாரண வீட்டுக்கே பக்காவ் மரக் கழிகளை வரிசையாக அடித்து இறக்கி, அதற்கு மேல்தான் அஸ்திவாரம் போடுவார்கள். எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் செய்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை வந்தது பீமில். தூண்களுக்கு மேலே காங்கிரீட் பீம் ஊற்றி, சில நாள் கழித்துப் பக்கப் பலகைகளைக் கழற்றினார்கள். அன்றைக்குக் காலையில் அம்மா தேநீர்ப் பாத்திரத்தோடு போயிருக்கிறார். முன்னறைத் தூணும் பீமும் சேருகிற இடத்தில், பக்கவாட்டில் ஒரு முழ நீளத்துக்குச் சிமெண்டு இல்லை. வெறும் ஜல்லிக் கல் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தெரிகிறது. நடுவே இரும்புக் கம்பி ஒன்று எட்டிப் பார்க்கிறது. ஓர் ஆள் சட்டியில் சிமெண்டைக் குழைத்துக்கொண்டு, அதன் மேல் அப்பத் தயாராக நிற்கிறான்.

"என்ன தம்பி, கல்லு பல்லைக் காட்டுதே?" என்று அம்மா குத்தகைக்காரரைக் கேட்டார்.

"இது எல்லா வீட்டுலயும் வர்றதுதான் அக்கா. பூசிட்டா தெரியாது."

"தெரியாதுன்னு சொல்றீங்களே, அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

அம்மாவின் பயத்துக்கு வேறு காரணமும் உண்டு. பால்மரத்தில் கத்தி அளவுக்கு மீறி ஆழமாக இறங்கிவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பட்டை மறுபடி வளரும்போதுதான் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகத் திரண்டு நிற்கும். பிறகு அதில் வெட்ட முடியாது. காயம் முதலில் மறைந்து பிறகு காட்டிக்கொடுக்கும் என்பது அம்மாவுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பாடம். காங்கிரீட்டும் அப்படித்தான் என்று எங்களுக்கு அப்புறந்தான் விளங்கியது. கம்பிகள் நெருங்கி நிற்கும் மூலையில் கலவையைக் குத்திக் குத்தி, அதிர்வுக் கருவி விட்டு இறக்காவிட்டால் சிமெண்டுச் சாறு உள்ளே போகாது. பலகை இடுக்கு வழியாகச் சாறு ஒழுகிவிட்டாலும் கல் மட்டும் மிஞ்சும். மேலோட்டமாக இருந்தால் பெரிய ஆபத்தில்லை. ஆழமாக இருந்தால் ஈரக் காற்று கம்பியைத் தொடும், கம்பி துருப்பிடிக்கும், துருப்பிடித்த இரும்பு பருத்து, சுற்றியுள்ள காங்கிரீட்டைப் பிளந்து தள்ளும். பழைய அடுக்குமாடிகளின் கூரைத்தளத்தில் சிமெண்டு உதிர்ந்து துருக்கம்பி தொங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அந்த வாரமே குத்தகைக்காரர் மூன்றாவது தவணையைக் கேட்டு வந்தார். கொடுப்பதா வேண்டாமா? வீட்டில் பெரிய சண்டை. "நம்ம ஆளு, முகத்தைப் பார்த்து எப்படி இல்லேங்கிறது?" என்று அப்பா. "முகத்தைப் பார்த்தா பீம் நிக்குமா?" என்று அம்மா. பழைய கிராணி ஒருவரிடம் யோசனை கேட்டோம். அவர் ஒப்பந்தத் தாளை வாங்கிப் படித்தார். ஒரே பக்கம். நல்லவேளை, 'பீம் வேலை ஒழுங்காக முடிந்த பிறகு மூன்றாம் தவணை' என்று அதில் ஒரு வரி இருந்தது. "இந்த ஒழுங்காகங்கிற வார்த்தையை விட்டுடாதீங்க. பிளான் போட்டவரைக் கூப்பிடுங்க" என்றார்.

பணம் பிறகு தருகிறோம் என்று சொன்ன மறுநாள் ஆள்கள் வேலைக்கு வரவில்லை. ஒன்பது நாள் வரவில்லை. லயத்தைக் காலி செய்துவிட்டு வாடகை வீட்டில் இருந்தோம். அம்மா சாப்பிடவில்லை. மாமா வந்து, "அவரை அவமானப்படுத்திட்டீங்க" என்று கோபித்துக்கொண்டு போனார். அந்த ஒன்பது நாளில் பத்துத் தடவையாவது பணத்தைக் கொடுத்துவிடலாமா என்று நினைத்தோம்.

பிளான் வரைந்தவரை நாடியதற்கு ஒரு காரணம் உண்டு. முன்பெல்லாம் வீடு குடியேறத் தகுதியானது என்ற சான்றிதழை ஊராட்சி மன்றம் கொடுத்தது. 2007 ஏப்ரலிலிருந்து 'சி.சி.சி.' என்ற சான்றிதழ் வந்தது. பிளானைச் சமர்ப்பித்த கட்டடக் கலைஞரோ பொறியாளரோ பதிவு பெற்ற பட வரைவாளரோதான் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன் அஸ்திவாரம், கட்டமைப்பு, குழாய் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் படிவங்கள் உண்டு, மொத்தம் 21. வேலை செய்தவரும் மேற்பார்வை பார்த்தவரும் அவற்றில் ஒப்பமிட வேண்டும். ஆகவே பீம் கெட்டால் அவருக்கும் தலைவலிதான். போன் போட்டதும் ஒரு பொறியாளரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அவர்கள் சுத்தியலால் தட்டிப் பார்த்து, உதிரும் கல்லையெல்லாம் கொத்தி எடுக்கச் சொன்னார்கள். இரண்டு அங்குல ஆழத்துக்குப் பொந்து! கீழே முட்டுக்கால்கள் இன்னும் எடுக்கப்படாமல் இருந்தது நல்லதாயிற்று. கெட்டியான காங்கிரீட் தென்படும்வரை கொத்தி, கழுவி, பலகை அடைத்து, காய்ந்தாலும் சுருங்காத சிமெண்டுக் கலவையை ஊற்றி, சாக்கு சுற்றி ஒரு வாரம் நனைத்து வைத்தார்கள். செலவு ஐந்நூறு வெள்ளிகூட ஆகவில்லை. பூசியிருந்தால் அந்த ஐந்நூறு பிறகு எத்தனை ஆயிரமாகியிருக்குமோ! குத்தகைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் வேலையைச் சரியாகவே செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். தவணையும் அன்றே கொடுத்தோம்.

அதற்குப் பிறகு அம்மா ஒரு 555 நோட்டு வாங்கினார். மளிகைக் கடைக் கடன் எழுதுவோமே, அதே சின்ன நோட்டு. எந்தத் தேதியில் என்ன குறை, யாரிடம் சொன்னோம், என்ன பதில் வந்தது எல்லாம் அதில் ஏறியது. நாங்கள் படம் பிடித்து வாட்சாப்பில் குத்தகைக்காரருக்கு மலாயில் எழுதி அனுப்பினோம். வாயால் சொன்னது காற்றோடு போகும், எழுதியது நிற்கும். புதுத் தாள் ஒன்றும் எழுதினோம்: கடைசி ஐந்து விழுக்காட்டைக் குடியேறி ஆறு மாதம் கழித்துத்தான் கொடுப்பது என்று. இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். நடுவில் எழுதப் போனால் மனஸ்தாபம்தான்.

மற்ற சோதனைகளுக்குப் பெரிய படிப்பு வேண்டாம். குளியலறையின் தண்ணீர்ப் போக்கியைத் துணியால் அடைத்து, ஓர் இரவு தண்ணீர் கட்டி, மறுநாள் பக்கத்து அறைச் சுவர் ஈரமா என்று பார்த்தோம். ஒரு வாளி ஊற்றினால் தண்ணீர் போக்கியை நோக்கி ஓடுகிறதா என்று பார்த்தோம். ஒரு மூலையில் தேங்கியது, மூன்று தட்டுக்கல்லைப் பெயர்த்து மறுபடி பதித்தார்கள். தட்டுக்கல்லைக் காசால் தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்கிற இடத்தில் அடியில் கலவை இல்லை என்று அர்த்தம். நடுப்பகலில் சீலிங்குக்கு மேலே தலையை நீட்டினால் கூரை ஓட்டையில் வெளிச்சம் தெரியும். அவ்வளவுதான்.

இனி எங்கள் வெட்கத்துக்கு வருவோம். அம்மாவுக்குக் குசினி பெரிதாக வேண்டும். பிளானில் இல்லாத ஒரு சாய்ப்பைப் பின்னால் இறக்கச் சொன்னோம். "பக்காவ் அடிச்சா செலவு கூடும் அண்ணே. சும்மா தளம் போட்டா போதும்" என்றார் அவர். செலவு குறைகிறதே என்று நாங்களும் தலையாட்டினோம். 555 நோட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை! குடியேறி எட்டாவது மாதம், பெரிய வீட்டுச் சுவருக்கும் குசினிச் சுவருக்கும் நடுவே பத்துக் காசு நுழைகிற அளவு பிளவு. அடுத்த மழைக்காலத்தில் விரல் நுழைந்தது. வீடு கழிகளின் மேல் அசையாமல் நிற்க, குசினி மட்டும் மண்ணோடு இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் ஐந்து விழுக்காடும் கைமாறிவிட்டது. அந்தப் பணம் கையில் இருந்திருந்தாலும் எந்த முகத்தோடு கேட்பது? பிளானில் இல்லாததைக் கட்டச் சொன்னவர்கள் நாங்கள்.

இளகிய மண்ணில் சாய்ப்பு இறக்குவதென்றால் அதற்கும் கழி அடிக்க வேண்டும். முடியாவிட்டால் பெரிய வீட்டோடு பிணைக்காமல், நடுவே இடைவெளி விட்டுத் தனியாக நிற்க வைக்க வேண்டும். பிணைத்துக் கட்டினால் இறங்குகிற பக்கம் நிற்கிற பக்கத்தையும் பிய்த்துக்கொண்டு போகும். எங்கள் குசினிக் கூரையைக் கடைசியில் வீட்டுச் சுவரிலிருந்து அறுத்து விட்டு, தனிக் கால்களில் நிறுத்தி, பிளவை நெகிழும் பசையால் அடைத்து, மேலே தகரப் பட்டை போட்டோம்.

தாமான்களில் வீட்டு மேம்பாட்டாளரிடம் வீடு வாங்குகிறவர்களுக்கு எங்களைவிடச் சட்டப் பாதுகாப்பு அதிகம். சாவி கொடுத்த நாளிலிருந்து 24 மாதத்துக்குள் தெரியும் கட்டுமானக் குறைகளை அவர்கள் தங்கள் செலவில் சரிசெய்ய வேண்டும். எழுத்தில் தெரிவித்து 30 நாள் கெடு உண்டு. செய்யாவிட்டால், 2002 டிசம்பரில் தொடங்கிய வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். மனுக் கட்டணம் 10 வெள்ளி, வக்கீல் வேண்டாம். 24 மாதம் முடிந்தபின் 12 மாதத்துக்குள் மனுப் போட்டுவிட வேண்டும். குறை திருத்துமுன் அவசரப்பட்டுச் சுவரை இடித்துப் புதுப்பித்தால், 'நீங்கள் இடித்ததால் வந்தது' என்று சொல்லிவிடுவார்கள்.

சொந்த நிலத்தில் குத்தகைக்காரரை வைத்துக் கட்டுகிற நம்மைப் போன்றவர்களுக்கு அந்த மன்றம் கிடையாது. நம் கையில் இருப்பது ஒப்பந்தத் தாளும், கொடுக்காமல் வைத்திருக்கும் பணமும்தான். தாளில் மூன்று வரி கூடுதலாக எழுதச் சொல்ல வெட்கப்படாதீர்கள், அன்பர்களே.

மாமா இரண்டு வருடம் பேசவில்லை. இப்போது வருகிறார், குசினியில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். பிளவு முடிகிற இடத்தில் அம்மா பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு பொங்கலுக்கும் பார்ப்பார். நீண்டிருந்தால் புதுக் கோடு. அப்படி ஐந்து கோடுகள் இருக்கின்றன. கடைசி இரண்டு பொங்கலுக்கும் புதுக் கோடு போட வேண்டிய அவசியம் வரவில்லை.